இத்தாவில் வளர்ந்த நகம்

ஜைனுதீன் மௌத்தான இரண்டாம் நாள், அவருடைய மூத்த சகோதரி பீபி, அவர் மனைவி நூருன்னிஸாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, இத்தாவின் சட்டங்களை ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளைதான் உடுக்க வேண்டும். அத்தர், கண்ணுக்குச் சுருமா, கைக்கு மருதோன்றி ஒன்றும் ஆகாது. பிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வாசல் கேட்டைத் தாண்டக்கூடாது. இவ்வளவும் நூருன்னிஸாவுக்கு முன்னமே தெரிந்தவை. ஆனால் பீபியின் கையில் இன்னும் விரல்கள் மீதியிருந்தன. கண்ணாடி பார்க்கக்கூடாது என்றாள். நிலவு வெளிச்சம் மேலே விழக்கூடாது என்றாள். நகம் வெட்டக்கூடாது என்றாள்.

"நகம் வெட்டினா என்ன மாமி?" என்று கேட்டது நிஷ்மியா, நூருன்னிஸாவின் ஒரே மகள். மாத்தளை டவுனில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். உம்மாவின் இத்தா முடியும்வரை புருஷன் ஹுஸ்னியோடு இரத்தோட்டையிலுள்ள இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அது அலங்காரம்தானே புள்ள. ஆருக்குக் காட்ட வெட்டுற?"

"வெட்டாட்டி கழுகு மாதிரி ஈக்கும் மாமி."

"கழுகுக்கு மாப்புள மௌத்தாகல்ல. ஒங்க உம்மாக்கு மௌத்தாகிட்டாரு."

நிஷ்மியா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நூருன்னிஸா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். மார்க்கப் புத்தகங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தன. இத்தாவைப் பற்றிய பக்கங்களில் நகம் வெட்டக்கூடாது என்று எங்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. இருக்கிற சட்டங்களுக்கு மேலே இன்னும் நாலு சட்டம் வந்தாலும் வரட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

"சரி மைனி. வெட்டல்ல," என்றாள்.

அவர் மௌத்தான நேரத்தில் அவள் வீட்டில் இருக்கவில்லை. அக்குறணையில் ஒரு நிக்காஹ். மேலே தோட்டத்திலிருந்து மிளகு வருகிற நாளென்று ஜைனுதீன் நின்றுவிட்டார். காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே குசினி வாசலில் வந்து நின்றவர், "இந்த எடத்துல காத்து அடைச்ச மாதிரி ஈக்கு," என்றார். அவள் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்து, பிளாஸ்கில் ஊற்றி வைத்தாள். "ஒன்டுமில்ல. ராவு தின்ட மரவள்ளிக்கிழங்குதான். சின்ன விஷயம்," என்றாள். வேன்காரன் ஹோர்ன் அடித்தான். ஏறிப் போய்விட்டாள். பகலுக்குச் சற்று முன், மிளகு மூட்டையோடு வந்த கணபதி, கூப்பிட்டும் ஆள் வராததால் எட்டிப் பார்த்து, சாய்மனைக் கதிரையில் அவரைக் கண்டான். அவள் அக்குறணையில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் புரியாணி சஹனின் முன்னால் உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது.

வந்தவர்களெல்லாம் "திடீரெண்டு போய்ட்டாரே" என்றார்கள். அவளும் "ஓம், திடீரெண்டு" என்றாள். காலையில் அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. இருக்க வேண்டிய நாளில் வீட்டில் இருக்காமல் போனவள், இந்த நாலு மாதமும் பத்து நாளும் அந்தக் கேட்டைத் தாண்டாமல் இருந்து காட்ட வேண்டும். அவருக்குச் செய்ய அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஒரு நாளும் குறையாமல், ஒரு மணி நேரமும் பழுதில்லாமல் அது முடிய வேண்டும்.

அழுகை வரவில்லை. பார்க்க வந்த பெண்கள் அதற்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். காலை ஆறு மணிக்குத் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ் வளைவில் மூச்சு வாங்குவது கேட்கும். பின்னேரம் அதே பஸ் மேலே ஏறுவது கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஐந்து தொழுகை. இப்படி ஒன்பது வாரம் போனது.

அறுபத்து மூன்றாம் நாள் பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யப் போகையில், குளியலறைப் படியில் வலது காலை இடித்துக்கொண்டாள். ஒன்பது வாரமாக வெட்டாத பெருவிரல் நகம் மூலையில் பிளந்து, பிளந்த துண்டு பாவாடை விளிம்பில் கொளுவிக்கொண்டது. நகவெட்டியை எடுத்தால் வெட்டியதாகிவிடும். ஆகவே விரலால் பிடித்து இழுத்தாள். அது நேராக வராமல் ஓரத்தோடு ஆழமாகக் கிழிந்து, சதைக்குள் எங்கேயோ போய் அறுந்தது. கொஞ்சம் இரத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தொழப் போனாள்.

பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போக வேண்டும். இத்தா தொடங்கியதிலிருந்து ஹுஸ்னிதான் அவளுடைய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டிக் குளிசை எடுத்து வந்தான். கொப்பியைப் பார்த்துக் குளிசை கொடுத்தவர்கள் காலைப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து விரலின் ஓரம் தடித்துச் சிவந்தது. அறுந்த இடத்தில் ஒரு முள்ளு மாதிரி மிஞ்சியிருந்த நகம், வளர வளரச் சதைக்குள்ளே இறங்கியது. நடக்கும்போது வலித்தது. போர்வை பட்டாலும் வலித்தது. தொழுகையில்தான் ஆக மோசம். உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத் இருப்பில் வலது பாதத்தை நிமிர்த்தி, விரல்களை மடக்கி, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க வைக்க வேண்டும். உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்தப் பெருவிரலில் வந்து இறங்கும். நோயாளி கதிரையில் இருந்து தொழலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் பாயிலேயே தொழுதாள். வலி வந்தது, வந்து நின்றது, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் போனது. உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் அவளுக்கு ஏதாவது ஒன்று தைத்ததென்றால் அது இந்த வலி மட்டுந்தான்.

நிஷ்மியா அவள் நொண்டுவதைக் கண்டுபிடித்து, விளக்கைப் போட்டுக் காலைத் தூக்கிப் பார்த்து, பீபியைக் கூப்பிட்டாள்.

"நகச்சுத்து," என்றாள் பீபி, தொட்டுக்கூடப் பார்க்காமல். "மருதோண்டிய அரைச்சு வெச்சுக் கட்டினா மூணு நாள்ல மாறும். ஒங்க வாப்பாக்கும் நான்தான் வெச்சுக் கட்டின, மரத்துல கராம்பு ஆயப் போய் வெரல் பழுத்த நேரம்."

"அப்ப வைங்க மாமி. பின்னால மரம் ஈக்குதானே."

பீபி எழும்பப் போனவள் அப்படியே நின்றாள். மருதோன்றி ஆகாது என்று விரல் மடித்தவள் அவளேதான்.

"மருந்துக்கு வெச்சாலும் செவக்கும்தானே," என்றாள் கடைசியில். "வார சனம் காணும்."

"உம்மாட கால் வெரலப் பாக்கவா மாமி சனம் வாரது?"

"மௌத்தூட்டுக்கு வாரவங்க எங்கெங்க பாப்பாங்கண்டு ஒனக்குத் தெரியா. தேசிக்காய வைப்போம்."

"மருதோண்டி ஏலா, தேசிக்கா ஏலுமா?"

"தேசிக்கா செவக்காது."

ஒரு தேசிக்காயில் துளை போட்டு, விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டாள் பீபி. நூருன்னிஸா காலை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சைப் புளி பட்ட இடம் எரிந்தது. நிஷ்மியாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டு வெளியே போனாள். உம்மாவும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

தேசிக்காய் நான்கு நாள் இருந்தது. அதற்குப் பிறகு நிஷ்மியாவின் முறை. சதைக்குள் வளரும் நகத்துக்கு நடுவிலே ஒரு முக்கோணம் வெட்டிவிட்டால், நகம் அந்தப் பள்ளத்தை மூட உள்பக்கமாக இழுபடும், ஓரங்கள் தானாக வெளியே வரும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். பீபி பின்னேரம் அஸர் தொழுகிற நேரமாகப் பார்த்து, நகவெட்டியும் டெட்டோலும் கொண்டுவந்து, உம்மாவின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மாமி கேட்டா மருந்துண்டு சொல்லுங்க."

"ம்," என்றாள் நூருன்னிஸா.

நகத்தின் நடுவில் ஒரு சிறிய முக்கோணம் விழுந்தது. பீபி தொழுது முடித்து வந்து அதைக் கண்டுவிட்டாள்.

"எலி கடிச்ச மாதிரி ஈக்கு," என்றாள். அன்று முழுக்க நிஷ்மியாவோடு பேசவில்லை.

எதுவும் மாறவில்லை. விரலின் ஓரத்தில் சதை பூவரும்பு மாதிரி மேலெழும்பி நகத்தின் மேல் படர்ந்தது. தொட்டால் இரத்தம் வந்தது. ஹுஸ்னி பள்ளிவாசல் மௌலவியைக் கேட்டுக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்று சொன்னான்.

"மாமி, மருந்துக்குப் போறது கூடும்ண்டு மௌலவி சொல்லுறாரு. தேவைக்கு வெளிய போனா இத்தாக்கு ஒரு கொறையும் வராதாம்."

"தெரியும் மகன்," என்றாள் நூருன்னிஸா.

"அப்ப நாளைக்கி போவமா?"

"பாப்பம்."

வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய டொக்டர் ஊரில் ஒருவர்தான். அவரும் மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போயிருந்தார். ஹுஸ்னி மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். உம்மா மார்க்கத்துக்குப் பயந்துதான் இருக்கிறாள் என்று அவனும் நிஷ்மியாவும் நினைத்தார்கள். பீபியும் அப்படித்தான் நினைத்தாள், நினைத்துச் சந்தோஷப்பட்டாள். "அந்தக் காலத்துப் பொம்புள மாதிரி" என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். நூருன்னிஸா எல்லாரையும் அப்படியே நினைக்க விட்டாள்.

தொண்ணூற்றோராம் நாள் விடியல் ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது வலி இல்லை. படுக்கை விரிப்பில் மஞ்சளாகக் கறை இருந்தது. பாயில் இருந்து விரலை மடக்கினாள். ஒன்றும் நோகவில்லை.

"நான் சொன்னேனா?" என்றாள் பீபி. "தேசிக்காய்ட வேல மெதுவாத்தான் தெரியும்."

இரண்டு நாள் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நிஷ்மியா, உம்மா பகல் சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடப்பதைக் கண்டாள். நெற்றியில் கையை வைத்தாள். கொதித்தது. போர்வையை விலக்கினாள். விரல் வீங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தது. அங்கிருந்து பாதத்தின் மேற்புறத்தால் சிவப்பு ஏறி, கணுக்கால் மட்டில் வந்து நின்றிருந்தது. கொஞ்சம் மணத்தது.

"உம்மா எழும்புங்க. ஆஸ்பத்திரிக்கிப் போறோம்."

"வேணாம் மகள். காச்சலுக்கு ரெண்டு பெனடோல் தாங்க."

"இது பெனடோல் காரியமா? காலப் பாத்தீங்களா?"

"ஒன்டுமில்ல," என்றாள் நூருன்னிஸா. "சின்ன விஷயம்."

சொன்ன வார்த்தை அறைக்குள் நின்றது. அன்று குசினி வாசலில் எந்தக் குரலில் சொன்னாளோ அதே குரலில்தான் இப்போதும் சொல்லியிருந்தாள். அவள் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள். பிறகு, யாரோ பாடம் ஒப்புவிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"அன்டைக்கி காலையில ஒங்க வாப்பா சொன்னாரு, நெஞ்சுல காத்து அடைச்ச மாதிரி ஈக்குண்டு. நான் ஒன்டுமில்லண்டேன். கொத்தமல்லி அவிச்சு வெச்சிட்டு வேன்ல ஏறினேன். ஒத்தருக்கும் சொல்லல்ல. இந்த நாள் முடியும்வரைக்கும் நான் எங்கயும் போகல்ல மகள். மௌலவி சொன்னதுக்காக இல்ல. என்னால போக ஏலா."

நிஷ்மியா தரையில் உட்கார்ந்தாள். தோளிலிருந்த பை நழுவி விழுந்தது. அதை எடுக்கவில்லை. அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நூருன்னிஸா காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"எனக்கும் எடுத்தாரு உம்மா," என்றாள் நிஷ்மியா.

"என்னது?"

"கோல். அன்டைக்கி ஸ்கூல்ல ஈக்கக்குள்ள. உம்மா போய்ட்டாங்க, நெஞ்சு இன்னும் அப்பிடியேதான் ஈக்கு, பெரிசா ஒன்டுமில்லண்டாரு. வகுப்புல புள்ளைகள் சத்தம். வெளிய வந்துதான் பேசினேன். காத்தாத்தான் ஈக்கும் வாப்பா, கொஞ்சம் சாஞ்சு இரிங்கண்டேன்." அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சாஞ்சு இரிங்கண்டு நான்தான் சொன்னேன். கணபதி வந்து பாக்கக்குள்ள சாஞ்சு ஈந்தாரு."

தொண்ணூற்று மூன்று நாள் ஒரே வீட்டில், ஒரே சஹனில் சாப்பிட்டிருக்கிறார்கள். மகள் ஏன் சில நேரம் பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழும்பிப் போகிறாள் என்று நூருன்னிஸா ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கிற இடம் அவளுக்குள் மூடிக் கிடந்தது. இப்போதும் அது திறந்ததென்று சொல்ல முடியாது. மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று அறிவுக்குத் தெரிந்தது. கை எழும்பவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. இந்தக் காலோடு இப்படியே கிடந்து தனக்கு ஏதாவது ஆனால், நிஷ்மியா இரண்டாவது ஆளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளாகிவிடுவாள். ஒன்றையே சுமக்க முடியாமல் இருக்கிறாள்.

"பஸீருக்குக் கோல் எடுங்க," என்றாள். "த்ரீவீலரக் கேட்டுக்கு உள்ளுக்கே கொண்டு வரச் சொல்லுங்க."

பீபி வாசலில் நின்றாள். அழுத சத்தமும் இல்லாமல் ஏசிய சத்தமும் இல்லாமல் அபாயாவும் கிளினிக் கொப்பியுமாக இரண்டு பேரும் வெளியே வருவதைக் கண்டு திகைத்துப்போனாள்.

"புள்ள, கேட்டத் தாண்டினா இத்தா முறியும். மொதல்ல இருந்து எண்ணணும், தெரியும்தானே?"

"எண்ணுறேன் மைனி," என்றாள் நூருன்னிஸா.

பீபி குனிந்தாள். அவள் நூருன்னிஸாவின் காலைப் பார்த்தாள். அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தாள் போலும். முகம் மாறியது. உள்ளே போய்த் தன் பெரிய கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு வந்து த்ரீவீலரில் முதலாவதாக ஏறிக்கொண்டாள்.

"நீங்க எங்க மாமி?"

"ஆம்புளயல் நெறஞ்ச எடம். மறைச்சுப் புடிக்க ஆள் வேணாமா? தள்ளி இரு."

பஸீர் இரண்டு பக்கமும் படங்குத் துணியை இறக்கிவிட்டான். த்ரீவீலர் கேட்டைத் தாண்டியபோது நூருன்னிஸா கண்ணை மூடவில்லை, உற்றுப் பார்க்கவும் இல்லை. படங்கின் ஓட்டையால் ஒரு துண்டு ரோட்டும், கராம்பு காயப்போட்ட சாக்கும் தெரிந்து மறைந்தன. டவுன்வரை ஒருவரும் பேசவில்லை, பீபியைத் தவிர. பீபி பஸீருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் இருபது வருஷமாக அந்த ரோட்டில் ஓடுகிறவன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம்பெண். சிவதர்ஷினி என்று மேசையில் பெயர் இருந்தது. பேச்சில் யாழ்ப்பாணம். அறைக்குள்ளும் விரித்தபடியே இருந்த குடையை முதலில் பார்த்தார்.

"அம்மா, இங்க மழை பெய்யேல்ல. குடையை மடக்குங்கோ, எனக்குக் காலைப் பாக்க வெளிச்சம் வேணும்."

பீபி அறையில் ஆண்கள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு மடக்கினாள். டொக்டர் காலைக் கையில் எடுத்து, சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டார். பாதத்தை அழுத்தி அழுத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். சில இடத்தில் தெரியவில்லை. விரல் நுனியில் குத்திச் சீனியைப் பார்த்தார்கள். முந்நூறைத் தாண்டியிருந்தது.

"நகத்துக்கு நடுவில ஆர் இப்பிடி வெட்டினது?"

"நான்தான் டொக்டர்," என்றாள் நிஷ்மியா. "போன்ல பாத்து."

"கிழமைக்கு ரெண்டு பேராவது இந்த வெட்டோட வருகினம். நகம் அடியில இருந்துதான் வளருது, தங்கச்சி. நுனியில எதை வெட்டினாலும் ஓரம் வெளிய வராது." நூருன்னிஸாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் எத்தினை நாளா வெட்டாமல் விட்டனீங்கள்? பிறகு கையால பிய்ச்சிருக்கிறீங்கள், என்ன?"

"ஓம்."

"அதுதான் பிழைச்சது. உள்ளுக்கை ஒரு கூர் நிண்டுட்டுது. அது சதையைக் குத்திக் குத்திப் புண்ணாக்கி, கிருமி போயிட்டுது."

"ரெண்டு நாளைக்கி முந்தி நோவு நின்டிச்சு டொக்டர். சொகமாகிட்டுதுண்டு நெனச்சோம்," என்றாள் நிஷ்மியா.

"சீழ் உடைஞ்சு அழுத்தம் குறைஞ்சா நோவும் குறையும். கிருமி மேல ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கு. சீனி இருக்கிற ஆக்களுக்கு நோவை நம்பேலாது. இன்னும் ரெண்டு மூண்டு நாள் விட்டிருந்தா நான் நகத்தைப் பற்றி இல்லை, விரலைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருப்பன். ஏன் இவ்வளவு நாள் வரேல்ல?"

"உம்மா இத்தாவுல ஈக்கிறாங்க."

"மருந்துக்கு வரலாம்தானே? உங்கட ஆக்கள் எத்தினையோ பேர் வாறவை."

"தெரியும் டொக்டர்," என்றாள் நூருன்னிஸா.

டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்.

விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். ஊசி போகும்போது வலித்தது, பிறகு விரல் அவளுடையதில்லாத ஒன்றாகிவிட்டது. பார்க்க வேண்டாம் என்று தாதி தலையைத் திருப்பிவிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள். முழு நகத்தையும் எடுக்கவில்லை. ஓரத்தில் ஒரு ஒடுங்கிய கீலத்தை நுனியிலிருந்து அடிவரை வெட்டி, இடுக்கியால் பிடித்துச் சுழற்றி இழுத்தார் டொக்டர். சதைக்குள்ளிருந்து ஒரு கூரான துண்டு வந்தது. அரிசி மணி அளவுதான். அதை வெள்ளைத் துணியில் வைத்தபோது பீபி எட்டிப் பார்த்து, "இந்தத் துண்டா இவ்வளவும் செஞ்சது?" என்று கேட்டாள். டொக்டர் கட்டுப் போடத் தொடங்கினார்.

எக்ஸ்ரேயில் எலும்பு பிழையில்லை என்று வந்தது. ஆனாலும் ஊசிமருந்து ஏற்றுவதற்கு வார்டில் நிற்கச் சொன்னார்கள். நான்கு நாள் நின்றாள். பீபி குடையோடு முதல் நாள் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் காவலிருந்தாள். இரண்டாம் நாள் பக்கத்துக் கட்டில்காரியிடம் பேச்சு வளர்த்து, குடையைச் சுவரில் சாத்திவிட்டாள். சிவப்பு, பேனாக் கோட்டை விட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் நிஷ்மியாவை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். நகத்தை நேராக வெட்ட வேண்டும், குறுக்கே ஒரே வெட்டு. மூலைகளை உருட்டி உள்ளுக்குள் வெட்டக்கூடாது, பிய்க்கவே கூடாது. விரல் நுனியை விட்டு நீளவும் விடக்கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது. குளித்த பிறகு வெட்டினால் நகம் இளகியிருக்கும். முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து வேண்டாம். தினமும் காலைப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கிலும். அம்மாவுக்குக் குனியக் கஷ்டமென்றால் நீங்கள் பாருங்கள் என்றார். நிஷ்மியா கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பியில் எழுதுவது போல உருண்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட வர வேண்டும் என்றும் சொன்னார்.

நூருன்னிஸா அதை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். இத்தா முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பதினைந்து தடவை கேட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நாளும் குறையாமல் என்று வைத்திருந்த கணக்கு இனி எந்த வகையிலும் நேராகாது. அந்த எண்ணம் வந்ததும் வருத்தம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. ஆறுதலும் வரவில்லை.

பீபி சும்மா இருக்கவில்லை. மௌலவி வீட்டுக்குத் தானே போய், திரைக்குப் பின்னால் நின்று விசாரித்துவிட்டு வந்தாள்.

"மொதல்ல இருந்து எண்ணத் தேவயில்ல புள்ள," என்றாள், தான் எப்போதோ சொன்னதை மற்றவர்கள்தான் கேட்காமல் விட்டதுபோல. "விட்ட எடத்துல இருந்து இரு. நகமும் வெட்டலாமாம்."

"ஜஸாக்கல்லாஹ் மைனி."

"எனக்கு எதுக்கு? மௌலவிக்குச் சொல்லு."

மூன்றாவது முறை மருந்து கட்டப் போன காலையில், மருந்து கட்டும் அறைக்கு வெளியே நீண்ட மர வாங்கில் நல்ல கூட்டம். பீபி அன்று வரவில்லை. நிஷ்மியா ஒரு பாடம் லீவு எடுத்திருந்தாள். நூருன்னிஸா சுவரோரமாக உட்கார்ந்து கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்திருந்தாள். இலக்கம் முப்பத்தொன்று. உள்ளே இருபத்தொன்பது போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் இருவரும் ஜைனுதீன் மௌத்தான காலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு, குளிசை, கால் என்று மட்டும் பேசினார்கள்.

"வாப்பா எத்தின மணிக்கி எடுத்தாரு?" என்று கேட்டாள் நூருன்னிஸா, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

நிஷ்மியாவும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பத்தே கால். போன்ல இன்னும் ஈக்கு. அழிக்கல்ல."

"நான் ஒம்பதரைக்கி ஏறினேன்."

"கணபதி வந்தது பதினொன்டே முக்காலுக்கு."

"அப்ப நடுவுல ஒன்டரை மணித்தியாலம்."

"ம்."

உள்ளேயிருந்து ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். வாங்கில் எல்லாரும் ஒரு இடம் நகர்ந்தார்கள். அவர்களும் நகர்ந்தார்கள்.

"கொரல் எப்பிடி ஈந்திச்சு?"

நிஷ்மியா யோசித்தாள். "எப்பவும் போலதான். கொஞ்சம் மெதுவா. மிளகு நிறுக்கத் தராசு எங்கண்டு கேட்டாரு. உம்மா எங்கயோ மாத்தி வெச்சிட்டாங்கண்டாரு."

"அலுமாரிக்குப் பின்னால வெச்சேன். விருந்தாளிகள் வருவாங்கண்டு."

"நான் தெரியாண்டு சொன்னேன்."

"தேடியிருப்பாரா?"

"தெரியா உம்மா. நான் போன வெச்சிட்டேன்."

நூருன்னிஸா தலையாட்டினாள். தராசு அலமாரிக்குப் பின்னால்தான் இன்னும் இருந்தது. அவர் அதைக் கண்டிருந்தால் வெளியே எடுத்து வைத்திருப்பார். ஆகவே தேடவில்லை, அல்லது தேடிக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் அறிந்துகொள்ள வழியில்லை. மகளின் கை வாங்கில் அவளுடைய கைக்குப் பக்கத்தில் கிடந்தது. சுண்ணக்கட்டி படிந்த விரல்கள். அவள் தன் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தார்கள்.

"மாமி கேட்டா?" என்றாள் நிஷ்மியா கொஞ்ச நேரம் கழித்து. "மத்தவங்க கேட்டா?"

"கேட்டாச் சொல்லுவோம்."

"திடீரெண்டு இல்லண்டா?"

"காலையில சொன்னாருண்டு. எனக்கிட்டயும் ஒங்களுக்கிட்டயும்."

தாதி வாசலில் வந்து முப்பத்தொன்று என்று சிங்களத்தில் கூப்பிட்டாள். நூருன்னிஸா குதிகாலை முதலில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். நிஷ்மியா கொப்பியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனாள்.